ஊதாப் பட்டை

வருடத்துக்கு ஒருமுறை
ஈயக் கவசங்களுக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.
ஜூலை, வெள்ளிக்கிழமை, நோயாளி இல்லாத மத்தியானம்.
சோஹார் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில்
நெஞ்சுக்குழாய் பார்க்கும் மேஜைமேல்
ஆளில்லாத ஏப்ரன்களை
ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தேன்.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே நான், ஸ்வெட்டரோடு.

ஈயம் திரையில் கருப்பாய்த் தெரியும்.
அதில் எங்காவது வெள்ளையாய்க் கோடு ஓடினால்
அந்த வழியே கதிர் போய் வந்திருக்கிறது.

ஏப்ரன் ஐந்தும் தேறின.
கழுத்துப்பட்டை நான்கில் மூன்று தேறின.
நாலாவது பூப்போட்ட ஊதா,
டாக்டர்கள் கூச்சப்பட்டுத் தொடாதது.
நடுத்தொண்டையில், சரியாக அங்கே,
பல்லிவால் நீளத்துக்கு விரிசல்.

மடித்தால் ஈயம் உடையும். தொங்கவிடு என்று
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
யாரோ நாலாவது மொழியில் மடித்திருக்கிறார்கள்.

பதினோராம் வகுப்பு விலங்கியலில்
அதன் பெயர் கேடயச் சுரப்பி.
ஒரு மார்க் கேள்வி. சரியாக எழுதினேன்.
கேடயத்துக்கே ஒரு கேடயம் வேண்டியிருக்குமென்று
அந்தப் பாடத்தில் இல்லை.

கழுத்தென்றால் எங்கள் வீட்டில் வேறு கணக்கு.
எத்தனை பவுன், எப்போது ஏறும்,
கடன் அதுவரை வந்துவிட்டதா.
பெண்பார்க்க வந்தவர்கள்கூட
வெளியேதான் பார்த்தார்கள்.

ஊதாவைப் போடுகிறவன் மொஃபிஸ்.
மிஞ்சியது அவனுக்கு என்பது
எங்கும் எழுதாத விதி.
நோயாளி உதறாமல் கையைப் பிடித்துக்கொண்டு
குழாய்க்கு மிக அருகில் நிற்பவனும் அவன்தான்.
பட்டியலில் அவன் துப்புரவு.
துப்புரவுக்கு பேட்ஜ் கிடையாது.
என் பேட்ஜ் மூன்று மாதத்துக்கொருமுறை மஸ்கட் போய்
என் அளவைச் சொல்லிவிட்டு வரும்.
அதில் கட்டம் போதாமல்
இசக்கியம் என்று நிற்கும் என் பெயர்.
அவன் அளவு யாருக்கும் தெரியாது,
அந்த விரிசலைத் தவிர.

கொள்முதலுக்கு போன் செய்தேன்.
அடுத்த காலாண்டு என்றார்கள்.
அதுவரை டேப் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.
வைத்துவிட்டு
பிளாஸ்டர் வெட்டும் பெரிய கத்திரியை எடுத்து
ஊதாவைக் குறுக்கே வெட்டினேன்.
சுலபமில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது.
இருந்தால் மாட்டிக்கொள்வான்.

ராத்திரி பதினொன்றரைக்கு
துறைமுகத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்,
நெஞ்சைப் பிடித்தபடி.
டாக்டர் ஷெரீஃப் ஒன்று, பின்ஸி ஒன்று,
மீதி ஒன்று, இரண்டு கழுத்து.

என்னுடையதைக் கழற்றி மொஃபிஸுக்கு மாட்டினேன்.
வேண்டாம் சிஸ்டர், வேண்டாம் சிஸ்டர் என்றான்
இந்தியிலும் அதற்குப் பிறகு வங்காளத்திலும்.
நான் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன்.
கண்ணாடி இல்லாவிட்டாலும் விலகுவது நல்லதுதான்:
மூன்றடியை ஆறடியாக்கினால்
நாலில் ஒரு பங்குதான் வந்து சேரும்.
தூரம் காக்கும் என்பது எங்கள் தொழிலின் வேதம்.
அதை நம்பித்தானே
கடலையும் தாண்டினோம்.

ஷெரீஃப் இரண்டுமுறை என்னைத் தேடித் திரும்பினார்.
கையை ஆட்டினேன். நடத்துங்கள்.
அடைப்பு திறந்தது. லாரி ஓட்டுநர்
அரபியில் யாரையோ திட்டினார்.
திட்டுகிறவர் பிழைத்துக்கொள்வார்.

இரண்டு மணிக்குப் படிவம் நிரப்பினேன்.
பொருள்: கழுத்துப்பட்டை, ஊதா.
காரணம்: விரிசல்.
பயன்படுத்தியவர் என்ற கட்டத்தில்
எழுத்துக் கூட்டிக் கேட்டு, முழுசாக,
கட்டத்துக்கு வெளியே போனாலும் பரவாயில்லையென்று,
முகமது மொஃபிஸுர் ரஹ்மான்.

பிறகு கைகழுவும் கண்ணாடி முன்
தாலிச்சங்கிலியை ஒதுக்கிவிட்டு
முகவாயைத் தூக்கி
ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்த்தேன்.
புடைப்பு ஏதாவது தெரிகிறதா என்று.
பின்னால் சுலைமானி டம்ளரோடு நின்றவன்
என்னவென்று கேட்கவில்லை.
அவனும் முகவாயைத் தூக்கினான்.
விழுங்கினான்.

ஏறி
இறங்கியது.