ஜீரோ கேட்டுக்கு முன்னால்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் நிற்கின்றன.
ஜீரோ கேட் திறக்கிறபோது திறக்கும்.
டோல்கேட் பக்கம் எங்கள் பஞ்சர் கடை:
தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், ஒரு குண்டு பல்பு,
ஜாக்கியோடு வண்டிக்கடியில் அம்மா ரூபாவதி.
காற்று பார்ப்பது மட்டும் என் வேலை.
மடியில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்.
விரலில் கிரீஸ், பக்கத்திலும் கிரீஸ்.

நெல்லூரிலிருந்து மதிய வெயிலில் ஓடிவந்த வண்டி.
கேஜ் வைத்தேன். நூற்றி இருபத்து நாலு.
"நூத்திப் பத்துதானம்மா இருக்கணும்,
எறக்கி விடு, வெடிச்சிரும்" என்றார் மஸ்தானையா.
"வேணாண்ணா. காத்து ஜாஸ்தி இல்ல,
சூடு ஜாஸ்தி."
டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார், என்னை நம்பாமல்.
"நைட்டு பாருங்க, அதுவே எறங்கிடும். ஒரு டீ பந்தயம்."

பந்தயம் கட்டிய பிறகுதான் பயம் வந்தது.
புத்தகத்தைத் திறந்தேன்.
துகள்கள் சுவரில் மோதுவதால் அழுத்தம்.
ஒரே வரி. மூன்று மதிப்பெண்.

மோதுவதென்றால்?
கோபமில்லை அதில். டயர்மேல் யாருக்கும் பகையில்லை.
வெளியே போகணும் என்ற ஆசைகூடக் கிடையாது.
துகளுக்குத் தெரிந்தது நேராகப் போவது,
எதையாவது இடிக்கிறவரை.
கேரம் காய் கட்டையில் பட்டுத் திரும்புமே,
கட்டைக்கு ஒரு தள்ளு கொடுத்துவிட்டுத்தான் திரும்பும்.
கட்டை அசையாததால்
அந்தத் தள்ளை நாம் கணக்கில் வைப்பதில்லை.

நொடிக்கு ஐநூறு மீட்டர் வேகம்.
யாரும் குறுக்கே வராவிட்டால்
டோல்கேட்டிலிருந்து தேரடிக்கு நாலே நொடி.
வருகிறார்களே!
மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு போவதற்குள்
இன்னொரு துகள், இடித்து, திசை மாறி,
இன்னொன்று, இன்னொன்று.
இத்தனை வேகம், ஏறக்குறைய இருந்த இடத்திலேயே.
ரோட்டைப் பார்த்தேன்.
இவர்களுக்கு வேகமும் இல்லை.

அப்போது தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.
டக்.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று, டக்.
பதினேழு வரை எண்ணினேன்.
பிறகு எண்ண முடியவில்லை,
பிறகு எண்ண எதுவும் இல்லை,
கூரை முழுக்க ஒரே இரைச்சல், ஏறாமல் இறங்காமல்.
சொட்டுகள் காணாமல் போய் மழை வந்துவிட்டது.

கேஜ் முள் நடுங்காமல் நிற்பது இதனால்தானா?
ஒரு தட்டல் முள்ளை அசைக்காது.
கோடானுகோடித் தட்டல்களில்
முள் ஒரே எண்ணில் உட்கார்ந்துவிடுகிறது.
சூட்டிலும் அதே துகள்கள்தான், ஒன்றுகூடக் கூடவில்லை.
ஓட்டம் கூடுகிறது. அடிக்கடி வருகின்றன,
வருகிறபோது பலமாகத் தட்டுகின்றன.
அவர் பேச்சைக் கேட்டு இறக்கியிருந்தால்
விடியலில் டயர் தொண்ணூற்றேழில் தொங்கியிருக்கும்.

அம்மா பஞ்சரான ஒரு டயரை உருட்டி வந்தாள்.
பழக்கத்தில் கேஜ் வைத்தேன். ஜீரோ.
"காலி" என்றாள்.
எப்படிக் காலி?
உள்ளே இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
வெளியிலிருந்து தட்டுகிறவர்களும் அதே அளவு.
முள்ளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.
உள்ளங்கையை நீட்டினேன்.
மேலே கிட்டத்தட்ட இரண்டு சிமென்ட் மூட்டைக்குக் காற்று,
கீழே அதே இரண்டு மூட்டை.
கை சும்மா இருந்தது. கிரீஸ் மட்டும் தெரிந்தது.

மூன்று மணிக்கு வரிசை நாலு வண்டி நகர்ந்திருந்தது.
டார்ச்சோடு போனேன்.
மஸ்தானையா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.
நூற்றிப் பத்து.
கேஜை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார்.
பக்கத்து டயருக்கும் வைத்தார்.
டீக்கடை மூடியிருந்தது, கடன் சொன்னார்.
பின்னாலிருந்து ஹார்ன், ஏறி ஓட்டினார்.

இருபது டன் கண்டெய்னர் என்னைத் தாண்டிப் போனது,
ஈரச் சாலையில் பதினெட்டு டயர்,
யாரும் எண்ணாத தட்டல்களின் மேல் உட்கார்ந்து.

அந்த டீ இன்னும் பாக்கி.