போக வர

ஆஸ்லோ எனக்கு மனப்பாடம்.
பன்னிரண்டாம் எண் டிராமில் போனால்
துணியில்லாத கல் மனிதர்கள் நிற்கும் பூங்கா.
ஒரு மணி நேரச் சீட்டு
டிராமுக்கும் செல்லும், தீவுப் படகுக்கும் செல்லும்.
மழை வந்தால் நூலகத்தில் ஒதுங்கலாம்,
யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.
எட்டு மாதம் படித்தேன்,
கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில்
பேரேட்டுக்கு அடியில் வரைபடத்தை வைத்து.

மறுத்து வந்த கடிதத்தில்
புரிந்தது ஒரு வரிதான்:
தாங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்குப்
போதிய சான்று இல்லை.
இருபத்து மூன்று வருடம்
ஐந்தே முக்கால் பேருந்தில் வீடு திரும்பியிருக்கிறேன்.
அதற்கெல்லாம் யார் ரசீது கொடுத்தார்கள்?

விடுப்பு கையெழுத்தாகிவிட்டது.
யங்கூனுக்கு விமானம் மலிவு.
கட்டிய பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.
அதனால்தான்
இந்த ஏப்ரல் வெயிலில் என் கைப்பையில்
ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.

வட்ட ரயிலில் ஏறினேன்.
நகரத்தைச் சுற்றி மூன்று மணி நேரம்,
ஒரு தேநீர் விலைக்கும் குறைவு.
தர்பூசணிக் கீற்றும் வெற்றிலையும் காடை முட்டையும்
தலைகளின்மேல் ஏறி
பெட்டி பெட்டியாக நடந்தன.
பொன் கோபுரம் ஒன்று
வலது ஜன்னலில் தெரிந்தது,
துணி காயும் மாடிகளுக்குப் பின்னால் தொலைந்தது,
பிறகு இடது ஜன்னலில் நின்றது,
நான் ஏதோ தப்பு செய்ததைப்போல.

நிலையங்களின் பெயர்கள் எல்லாம்
பிழிந்துவைத்த தேன்குழல்.
தூரத்தில் படிக்கத் தெரிந்த எழுத்துபோலவே இருக்கிறது,
கிட்டே வந்தால் கைவிடுகிறது.
நான் விழிப்பதைப் பார்த்து
எதிரே இருந்த முட்டைக்காரி
"மெட்ராஸா?" என்றாள்.
கன்னம் முழுக்கத் தனக்கா.
அட்டையில் கின் ஏ,
வீட்டில் அன்னபாக்கியம்.
"இன்செயினுக்கு மேல இன்னிக்கு வண்டி போவாது.
தண்டவாள வேலை. பஸ் புடி.
முப்பத்தாறு. முப்பத்தொம்பதுல ஏறிடாதே."
என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்:
ஆறுக்கு வால் இப்படி,
ஒன்பதுக்கு அப்படி.
முட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டாள்,
எழுத்துக்கு வாங்கவில்லை.

ஆறு என்றுதான் ஏறினேன். சத்தியமாக.
ஐம்பது நிமிடம் கழித்து நடத்துநர்
எல்லாரும் இறங்குங்கள் என்பதுபோல் கையை வீசினார்.
எதிரே ஆறு.
ஏறியது ஒன்பது,
வந்து சேர்ந்தது ஆறு.
பழுப்பாக, அகலமாக,
அக்கரைக்கு டலா என்று பெயர்.
மேலே கடற்காகங்கள்;
அந்த ஆஸ்லோக் கையேட்டின் அட்டையிலும்
இதே பறவைதான்,
இதே எரிச்சல் பிடித்த முகம்.

படகுத்துறையில் ஒரு பையன்
பனிக்கட்டிப் பாளத்தை ரம்பத்தால் அறுக்கிறான்.
பிடித்திருக்கும் கை வெளிறிப்போயிருந்தது.
கையுறைகளை நீட்டினேன்.
யோசித்தான்.
இடதை மட்டும் எடுத்துக்கொண்டு
வலதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.
ரம்பம் பிடிக்கும் கைக்குக் குளிராதாம்,
சைகையில் சொன்னான்.

சீட்டு அலுவலர்
கடவுச்சீட்டை வாங்கிப் புரட்டினார்.
எனக்கு வயிறு கலங்கியது, பழக்கதோஷம்.
பவளக்கொடி என்பதை
ஏழெட்டு வட்டங்களில் பதிவேட்டில் எழுதினார்.
ஒரு விரல் காட்டினேன், போவதற்கு மட்டும்.
இல்லை என்று தலையாட்டினார்.
வெளியூர்க்காரர்களுக்கு
போக வரச் சேர்த்துத்தான் சீட்டாம்.
பிரித்துத் தரும் வழக்கமே இல்லையாம்.
சொல்லிவிட்டு
மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படகு நகர்ந்தது.
யாரோ பொரியை எறிய
காகங்கள் அந்தரத்திலேயே கவ்வின.
வருவதற்கான பாதிச் சீட்டு
காற்றில் படபடத்தது.
மிச்சமிருந்த ஒற்றைக் கையுறைக்குள்
அதை நுழைத்து
பையின் வாயை மூடினேன்.