எட்டாம் எண் இயந்திரம்

கோல கெட்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
இரவெல்லாம் திறந்திருக்கும் டோபிக் கடை.
பத்திலிருந்து ஆறு வரை என் பொறுப்பு:
டோக்கன் மாற்றித் தருவது, சோப்புத்தூள் விற்பது,
மடிக்கச் சொன்னால் கூடைக்கு மூன்று வெள்ளி.
விளக்கும் காற்றாடியும் முதலாளி கணக்கு.
அதனால்தான் இங்கே படிக்கிறேன்.

சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில்
ஒரு பகுதிக்கு முப்பத்தைந்து நிமிடம்.
எட்டாம் எண் இயந்திரம் முப்பத்திரண்டில் முடிக்கும்.
யாராவது டோக்கன் போட்டுக் கதவை அடைத்ததும்
நானும் பக்கத்தைத் திருப்புவேன்.
முதல் தண்ணீர் வடியும்போது
பதினைந்தாம் கேள்வியில் இருக்க வேண்டும்.
பிழியும் சுழற்சியில் மேசை நடுங்கும்,
என் வட்டங்களெல்லாம் முட்டைகளாகும்.
மிஞ்சும் மூன்று நிமிடத்தைத்
தேர்வு நாளுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன்,
அம்மா கூட்டுக் கட்டுவதுபோல.

தேர்வுக் கட்டணம் அவள் கூட்டுப் பணம்தான்.
ஒன்பதாவதாக எடுக்க வேண்டியவள்
இருபது வெள்ளி தள்ளி
மூன்றாவதாக எடுத்தாள்.
ஏன் என்று கேட்டவர்களிடம்
பல் வலி என்று சொல்லியிருக்கிறாள்.

புத்தகம் பழையது. சுங்கை பட்டாணியில் பன்னிரண்டு வெள்ளி.
புதியதன் விலை நூற்றெண்பது;
அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு வைத்துவிட்டேன்.
முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெயர்:
லிம் சூ யின்.
எல்லாவற்றுக்கும் பென்சிலில் விடை போட்டிருந்தாள்.
இரண்டு இரவு அழித்தேன்.
எழுபது காசு அழிப்பான் மூன்று தீர்ந்தது.
ஆனால் அழுத்தி எழுதும் கை அவளுக்கு.
விளக்குக்கு நேரே சாய்த்தால்
அவள் நினைத்தது பள்ளமாய்த் தெரிகிறது.
பார்க்கக் கூடாது என்றுதான் சாய்க்கிறேன்.
நாற்பத்தொன்றில் அவள் மூன்றாவது என்கிறாள்,
நான் இரண்டாவது என்கிறேன்.
ஒரு வாரமாய்ச் சண்டை.
விடைப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள்;
பன்னிரண்டு வெள்ளி ஏன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஏழு வழக்கறிஞர்கள் வரிசையாக அமர்கிறார்கள்,
இன்னார் பக்கத்தில் இன்னார் அமர மாட்டார்.
எத்தனை முறை போட்டும் வரவில்லை.
அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டுத்
தோட்டத்து லாரியில் ஆட்களை ஏற்றினேன்:
அஞ்சலையக்காவுக்கும் பரிமளத்துக்கும் பேச்சில்லை,
சிவப்பிரகாசம் முன்னால்தான் குந்துவான்,
அம்மாவுக்கு ஓரம் வேண்டும், வாந்தி வரும்.
லாரி கிளம்பும் முன்னே விடை வந்துவிட்டது.

ஷோஹாக் வந்தான் போன வியாழன்,
செம்பனை முள் கிழித்த கால்சட்டைகளோடு.
சம்பளச் சீட்டை விரித்துக் காட்டினான்.
அவனும் நானும் உடைத்து உடைத்துப் பேசும் மலாயில்
ஒரே ஒரு வரியைக் கேட்டான்:
'பிற கழிவுகள், நூற்றுப் பத்து வெள்ளி'
பிற என்றால் எது?

எட்டு மாதம் படித்த கேள்வி நினைவுக்கு வந்தது.
'இந்த வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் ஊகம் யாது?'
அவன் கேட்க மாட்டான் என்பது.
விடை தெரிந்தது. அவனுக்கு அது எதற்கு?
தெரியாது என்றேன்.
கசக்காதே, நகல் எடுத்து வை என்றேன்.
நகலுக்கு இருபது காசு நான் கொடுத்தேன்,
அன்றைய கணக்கில் அழிப்பான் என்று எழுதினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு
லிம் சூ யின் நின்றுவிட்டாள்.
தேர்வு வந்துவிட்டதோ, வெறுத்துவிட்டதோ.
நேற்று நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.
அடுத்த பக்கத்தை விளக்குக்குச் சாய்த்தேன்.
ஒன்றுமில்லை, வழவழப்பு.
சண்டை போட ஆளில்லாமல்
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஷோஹாக் எட்டாம் எண்ணில் டோக்கன் போட்டான்.
தண்ணீர் ஏறும் சத்தம்.
பென்சிலைப் பூப்போலப் பிடித்தேன்,
பள்ளம் விழாமல் எழுதினேன்.
தேர்வு முடிந்ததும் இதைப்
பத்து வெள்ளிக்காவது விற்க வேண்டும்.