ஓடும்போது மட்டும்

மூணடுக்குக் கேக்கை
முட்டத்தில் கல்யாண மண்டபத்தில் இறக்கும்போது
மேலடுக்கின் க்ரீம் ரோஜாக்கள்
கழுத்து ஒடிந்து கிடந்தன.
பெண்ணின் சித்தப்பா
ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணித் தந்தார்.

வேனில் ஏசி உண்டு.
பட்டன் உண்டு, நீல விளக்கும் எரியும்,
வருகிற காற்று மட்டும்
இட்லிப் பானையைத் திறந்த மாதிரி.

நாகர்கோவில் ஏசிக்காரன் மூன்று தடவை கேஸ் ஏற்றினான்.
ஒரு தடவையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாண்டவில்லை.
"கடல் உப்பாக்கும். கண்டென்சர் போச்சு."
ஒன்பதாயிரம்.
மார்த்தாண்டத்துக் கியர்க்காரன்
"பெட்டியைப் பிரிக்கணும்" என்றான்.
எவ்வளவு என்று கேட்டேன்.
பிரித்தால்தான் தெரியுமாம்.

மேடு ஏறும்போது மூணாவது கியர்
பந்தியில் அப்பளம் கிடைக்காத சம்பந்தி போல
விருட்டென்று எழுந்து வெளியே வந்துவிடும்.
இடது முழங்காலால் முட்டுக்கொடுத்தே
ஓட்டப் பழகியிருந்தேன்.
என் சுடிதார் எல்லாவற்றிலும்
அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும்.

கருங்கலில் வின்சிலாஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது
வேறொரு விலை கேட்கத்தான்.
அவன் பானெட்டைத் தொடவில்லை.
பின்கதவைத் திறந்து
தகரத்தில் காய்ந்திருந்த க்ரீம் கறையையே பார்த்தான்.
"கேக்கு எந்தப் பக்கம் சாயும், லீமாக்கா?"
"பின்னால."
"எப்பம்?"
"மேட்டுல. கிளச்சை விடும்போ ஒரு குலுக்கு குலுக்கும்."
"டொக்குன்னு சத்தம் உண்டா?"
"உண்டு. ரோட்டுல குழியாக்கும்னு நெனச்சேன்."
"கியரு சாடுகதும் அப்பம்தானே?"
ஆமா என்று சொல்லும்போதே
வெட்கமாக இருந்தது.
நாலு மாதமாக அந்த சீட்டில் இருந்தது நான்தான்.

குழாய் நெடுக சோப்பு நுரை தடவினான்.
என்ஜின் சும்மா ஓடியது.
ஒரு குமிழ் இல்லை.
ஏசிக்காரனும் இதைச் செய்தான்,
இத்தோடு கையைக் கழுவினான்.

"ஏறி இருங்க. பிரேக்கை நல்லா மிதிங்க.
ஒண்ணாவது போட்டு கிளச்சை மெதுவா விடுங்க,
அணையப் போகும்போ பிடிச்சிருங்க."
விட்டேன்.
லிவர் என் கைக்குள் ஒரு விரல்கடை நகர்ந்தது.
டொக்.

அவன் போனில் பிடித்ததை அப்புறம் காட்டினான்:
கயிற்றில் கட்டிய கிடா போல
என்ஜின் இருந்த இடத்திலிருந்து எழும்புகிறது.
கம்ப்ரசரிலிருந்து வருகிற குழாய்
விறைத்து இழுபடுகிறது,
அதன் இரும்புக் கழுத்தில்
ஒரு குமிழ்,
பிறகு ஒரு கொத்து.
கிளச்சை மிதித்ததும்
எல்லாம் அடங்கி
ஒன்றும் நடக்காத முகத்தோடு உட்கார்ந்துகொள்கிறது.

நிற்கும்போது கசியாதாம்.
நிறுத்தி வைத்துத்தானே எல்லோரும் பார்த்தார்கள்.

அடியில் புகுந்து அவன் எடுத்து வந்தது
உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர்.
கியர் பெட்டியைத் தாங்குகிற மவுண்ட்,
நடுவில் வாய் பிளந்து.
"இதாக்கும் ரெண்டுக்கும். ஆயிரத்து இருநூறு.
குழாயும் கேஸும் வேற."
அந்த வெட்டில் என் கட்டைவிரல் முழுதாக நுழைந்தது.

குலசேகரத்தில் என் அண்ணன் ரப்பர் வெட்டுகிறான்.
ஷீட்டுக்கு விலையே இல்லை என்று
ஒரு நாள் விடாமல் புலம்புவான்.
அவனுக்குப் போன் போட்டேன்.
"எண்ணே, உனக்க சரக்கு
ஒரு துண்டு கிழிஞ்சதுக்கு
நான் நாலு கல்யாணத்துல ஏச்சு வாங்கியாச்சு."
அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
"வெல ஏறியிருக்கா?" என்றான்.

சனிக்கிழமை திக்கணங்கோடு போகிறேன்.
பின்னால் நாலடுக்கு,
வெள்ளை ரோஜா முப்பத்தாறு.
குளிர் முகத்தில் அடிக்கிறது, வனிலா மணத்தோடு;
துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.
மேட்டில் மூணாவது கியர் போட்டேன்.
விழுந்த இடத்திலேயே நின்றது.

முழங்கால் மட்டும் நம்பவில்லை.
யாரும் கூப்பிடாமலே போய்
முட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறது.