அழாத பிள்ளை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள்.
என் சம்பளம் மற்றவைகளுக்கு.

மஞ்சக்குப்பத்தில், பழைய எக்ஸ்ரே அறையைத்
தடுத்துக் கொடுத்த ஆய்வகம்.
ஒரு மேசை, ஒரு ஃபிரீசர்,
அட்டைகள் உலர ஒரு கம்பி அடுக்கு.
குதிகாலில் ஒரு குத்து, தாளில் ஐந்து வட்டம்.
வெயில் படக் கூடாது. நான்கு மணி நேரம்.
ஐப்பசியில் கடல்காற்று ஆறு மணி கேட்கும்,
எறும்பு எதையும் கேட்காது.

பெயர் வைப்பதற்கு முன்பே அவர்களை எனக்குத் தெரியும்.
மும்தாஜ் பேகம் குழந்தை, பெண்.
அஞ்சாலாட்சி குழந்தை, ஆண்.
செங்கேணி குழந்தை, பெண், இரட்டையில் இரண்டாவது.
இருபத்தாறு வருஷம்.
பேருந்தில் எந்தப் பையனாவது எழுந்து இடம் தந்தால்
முகத்துக்கு முன் குதிகாலைப் பார்ப்பேன்.

எண் இருபதைத் தாண்டினால் ஓட வேண்டும்.
தந்துபோன செல்போன் எண் டீக்கடைக்காரருடையது.
பிலோமினா ஸ்கூட்டரில், நான் பின்னால்,
கெடிலத்துப் பாலம் தாண்டி, மணலில் சக்கரம் புதைய,
"எந்த வீட்டில் பதினோரு நாள் பிள்ளை?"
எல்லாத் தாய்மாரும் ஒரே பெருமையைச் சொன்னார்கள்:
அழவே அழாது மேடம்,
தூங்கிட்டே இருக்கும், அவ்வளவு சமத்து.
சமத்து என்பதை என் நோட்டில்
முதல் அறிகுறியாக எழுதி வைத்தேன்.

தைராய்டு மாத்திரை. பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடு,
ஒரு நாளும் விடாமல்.
தெரு எழும்புகிற மாதிரி என்றைக்குக் கத்துகிறதோ
அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடு.
போட்டார்கள். பேச மாட்டார்கள்,
பிள்ளையின் வாயருகே பிடிப்பார்கள்.

தானே புயலில் கரண்ட் போன மூன்றாம் நாள்,
துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது.
என்ன மீன் என்றார் முதலாளி.
ரத்தம் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.
பதினான்கு நாள் என் அட்டைகள்
வவ்வாலுக்கும் சங்கராவுக்கும் நடுவில் கிடந்தன.
அந்த வருடத்து உறைகளைப் பிரித்தால்
இன்றும் வாடை.

பத்தொன்பது புள்ளி நான்கு.
சோதிக்குப்பம். எட்டாம் மாதத்திலேயே பிறந்தது.
இருபதில் கோடு போட்டவள் நான்.
இயல்பு என்று முத்திரை குத்தியவளும்.

இரண்டு வயதில் இடுப்பில் தூக்கி வந்தாள் அஞ்சாலாட்சி.
கால் ஊன்றவில்லை. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை.
திட்டட்டும் என்று கதவைச் சாத்தினேன்.
அந்த அட்டை இருக்கா, என்று மட்டும் கேட்டாள்.
இருந்தது. ஐந்து பழுப்பு வட்டம்,
ஒன்றில் நாங்கள் துளைத்தெடுத்த ஓட்டை.
விரலால் தடவிப் பார்த்தாள்.
"இத்துனூண்டு எடுத்தீங்களா?
இன்னும் ஒரு தடவை எடுத்திருக்கக் கூடாதா?"

கூடும்.
மாதம் நிறையாத உடம்பு முதல் வாரத்தில் பொய் சொல்லும்,
இரண்டாம் வாரம் மறுபடி கேட்க வேண்டும்.
அவள் ஒரு வாக்கியத்தில் சொன்னதை நிரூபிக்க
எனக்கு ஒன்பது வருடமும்
நாலாயிரத்துச் சொச்சம் குதிகால்களும் ஆயின.

கட்டுரையின் வரைபடத்தில்
கோட்டுக்குக் கீழே தனியாக ஒரு புள்ளி.
விலகிய புள்ளி, நீக்கிவிடலாம் என்று எழுதினார் மதிப்பீட்டாளர்.
நீக்க முடியாது என்று மூன்று பத்தி எழுதினேன்.
மூன்றிலும் அவன் பெயர் இல்லை.

கலைவேந்தன். இந்த மாதம் பதின்மூன்று முடிகிறது.
கையெழுத்துப் போடத் தெரியும், சில்லறை எண்ண வராது.

வெள்ளிக்கிழமை ஃபிரீசர் சாவியைப்
பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
சாயங்காலம் போன். அஞ்சாலாட்சி எண்.
அவள் பேசவில்லை.
ஒரு தட்டைத் தரையில் தட்டும் சத்தம்,
அதற்கு மேலே ஒரு குரல்,
உடையத் தொடங்கிய, தெரு எழும்புகிற குரல்,
பொரித்த மீன் இன்னும் ஒன்று கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது.