வந்த நோக்கம்

விடுதிப் பேரேட்டில் ஆறாவது கட்டம்,
வந்த நோக்கம்.
எனக்கு மேலே எழுதியிருந்தது:
நூல், நூல், டையிங் பாக்கி,
பெண் பார்க்க, மெஷின் பார்க்க, நூல்.
சும்மாதான் என்றேன்.
சென்னியப்பன் பேனாவை மூடித் திறந்தார்.
“திருப்பூருக்குங்களா?”
கட்டம் காலியாக இருந்தால் முதலாளி சத்தம் போடுவாராம்.
அவராகவே ‘பனியன்’ என்று எழுதிக்கொண்டார்.

நான் சொல்லாதது ஒன்று உண்டு.
மாயவரம் ஜங்ஷனில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
பதினெட்டு வருஷமாய் ஊர்களை விற்கிறவள் நான்.
திருப்பூர் ரெண்டு, திருப்பூர் அஞ்சு,
திருப்பூர், கீழ்ப்படுக்கை இல்லாட்டியும் பரவாயில்லை.
அப்படி என்னதான் இருக்கிறது என்று
யாரிடமும் கேட்க முடியாது.
பின்னால் வரிசை நிற்கும்.

காலை எட்டரைக்கு
ஊர் முழுக்க எனக்கு எதிர்த்திசையில் வந்தது.
கம்பெனி வேன், தூக்குப்போசி, ஈரத்தலையில் மல்லிகை,
ஒரே சைக்கிளில் ஒடியாவில் சண்டை போட்டபடி இருவர்.
ஒதுங்கி நின்று தேங்காய் பன் தின்றேன்.
அந்தப் பேக்கரியில் ஒரு பெஞ்ச் கிடக்கிறது.
அதில் ஹெல்மெட்கள்தான் உட்காருகின்றன.
மனிதர்கள் நின்று குடித்து,
கிளாஸை வைக்கும் சத்தத்தோடு போய்விடுகிறார்கள்.
இரண்டாம் நாள் டீ மாஸ்டர்
என்னைக் கண்டதும் ஹெல்மெட்களை நகர்த்தினார்.

காதர்பேட்டைச் சந்தில்
துளசிமணி என்று ஒருத்தி, லேபர் கான்ட்ராக்டர்,
என் விரல்களைப் பார்த்தே கேட்டாள்:
“ஓவர்லாக் வருங்களா? செக்கிங்ன்னாலும் செரி.
பீஸ் ரேட்டு. ராத்திரி வேன் உண்டு.”
வேலை இருக்கிறது என்றேன்.
“அப்பறம் ஏனுங்க இப்படி நடக்கறீங்க?”

எப்படி நடக்கிறேன் என்று
அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடல் தாண்டாத சட்டைகளின் குவியலில்
நூற்றிருபது ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன்.
நெஞ்சில் படகு, இரண்டு தென்னை,
ஆங்கிலத்தில் பாங்காக்.
ஓர் எழுத்து மட்டும் தலைகீழ்.
எழுத்து நேராய் விழுந்த சட்டை
இந்நேரம் அங்கே ஏதோ படித்துறையில் இருக்கும்.
அதைப் போட்டவளும் தனியாக வந்திருக்கலாம்,
காலைத் தொங்கப்போட்டு
மாம்பழத்தைக் குச்சியில் குத்தித் தின்னலாம்.
பின்கழுத்துப் பட்டி உறுத்தினால்
கத்தரித்து எறிந்திருப்பாள்.
நான் நொய்யல் பாலத்தில் நின்று
மிளகாய்ப்பொடி போட்ட கொய்யா தின்றேன்.
கீழே தண்ணீர்
ஒரு கொக்கு நிற்கிற அளவுக்கு இருந்தது.
கொக்கு வெள்ளையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மழை.
எதிர்மாடி ஜன்னலில் ஓர் இஸ்திரி மேஜை.
பெட்டியை அவன் வைக்க, ஆவி.
எடுக்க, ஆவி.
படுத்தபடியே எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் தூங்கிப்போனேன்.
விழித்தபோது ஆள் மாறியிருந்தது,
பெட்டி அதே பெட்டி.
வெட்கமாக இருந்தது.
பிறகு பசித்தது.

மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சாதம்.
முழுசு முழுசாய்ச் சின்ன வெங்காயம்.
நெய்க் கரண்டியை என் இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு
“போதுங்களா, இன்னுங் கொஞ்சமுங்களா” என்று
ஒருவர் காத்து நின்றார்.
அந்த ஊரில் நான் பார்த்த ஒரே தாமதம்.

கடைசி இரவு சென்னியப்பன் கேட்டார்,
“எல்லாம் பாத்தாச்சுங்களா?”
பெஞ்சைப் பற்றிச் சொன்னேன்.
“எந்தப் பேக்கரிங்க?”
இருபத்திரண்டு வருஷமாய் இதே கவுண்ட்டர்.
மூன்று கட்டடம் தள்ளி அந்தப் பேக்கரி.

காலை ஏழு மணி,
ரயிலுக்கு முக்கால் மணி இருந்தது.
ராத்திரி டியூட்டி முடிந்த அவர்
பெஞ்சின் ஓரத்தில், பாதி உடம்போடு,
சாவிக்கொத்து மடியில், டீ கையில்.
என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.
உட்காருங்கள் என்றேன்.
“இல்லீங்க, உக்காந்தா தூக்கம் வந்துருது.”
மீதி டீயை
நின்றபடியே குடித்தார்.