பதினைந்தாம் எண்

கரகோல் நகரில் விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
ஐசூரெக்கின் தேநீரில் ஆடை படிந்துவிட்டது.
அவள் பேசிக்கொண்டிருக்கும் கணினி
இந்த அறையில் இல்லை.
மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில்,
பனியாறு உருகித் தேங்கிய ஏரியின் கரையில்,
ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.
பாதை மே மாதம்தான் திறக்கும்.
அதுவரை உள்ளே போக ஒரே கதவு
இந்த ஷெல்.

ஓடு என்று சொன்னது ஓடு.
ஏரியின் மட்டத்தை அளக்கும் நிரல்
ஓடியது பத்தொன்பது நாள்.
இன்றிரவு ஒரு கேள்வி கேட்டுவிட்டு,
பதில் சொல்லாத உணரியின் வாயையே பார்த்தபடி
நின்றுவிட்டது.
மட்டம் 212. மட்டம் 212.
பிறகு ஒன்றுமில்லை.

கன்ட்ரோல் சி அழுத்தினாள்.
திரையில் ஒரு தொப்பியும் ஓர் எழுத்தும் விழுந்தன.
கடன் கொடுத்தவன் தெருவில் கூப்பிட்டால்
காது கேளாதவன் போல நடப்பார்களே,
அப்படி இருந்தது நிரல்.

கன்ட்ரோல் இசட்.
இப்போது உறைந்தது.
ஷெல்லின் கோடு திரும்பி வந்து கண் சிமிட்டியது.

பட்டியல் கேட்டாள். இரண்டு வரி.
ஷெல் 4471.
நிரல் 4477.
தூக்கக் கலக்கத்தில்
ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவே மயிரிழைதான்.
போன அக்டோபரில் தானியார் அந்த இழையில் தவறினான்.
பிள்ளைக்குக் குறிவைத்துத் தாயைச் சாய்த்தான்;
கதவு சாத்திக்கொண்டது.
குதிரையில் இரண்டு நாள் ஏறிப் போய்
ஒரு பொத்தானை அழுத்திவிட்டு
இரண்டு நாள் இறங்கி வந்தான்.
காது மடலில் பனி கடித்த தழும்பு.
கேட்டால், நாய் என்பான்.

வாய்விட்டுப் படித்தாள்: நாலு, நாலு, ஏழு, ஏழு.
இன்னொரு முறையும்.

ஒன்பதாம் எண் அரிவாள்.
எழுதிக்கொண்டிருக்கும் கையையும் சேர்த்து வெட்டும்.
பதினைந்தாம் எண் கடிதம்:
சாமான்களை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பு.
கடிதம் போட்டாள்.
ஒரு நிமிடம். சுவரில் வெந்நீர்க் குழாய் முனகியது.
இரண்டு நிமிடம்.
இருந்த இடத்திலேயே இருந்தது 4477.

விரல் ஒன்பதுக்குப் போனது.
தொடாமல் நின்றது.
சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
அசையாதே என்று சொன்னவளே அவள்தான்;
அசையாதவன் உறையைப் பிரிப்பது எப்படி?

பின்னணியில் தொடர், என்றாள்.
விழித்தது.
விழித்த கையோடு கடிதத்தைப் படித்தது.
மடியில் வைத்திருந்த கடைசி எண்ணை எழுதி,
கோப்பை மூடிவிட்டு,
போய்விட்டது.
முடிந்தது என்ற ஒரு சொல்லோடு
ஷெல் மறுபடி கண் சிமிட்டத் தொடங்கியது.

கோப்பைத் திறந்தாள்.
மட்டம் 214.

இரண்டு சென்டிமீட்டர்.
இந்தக் குளிரில், இந்த நேரத்தில்,
ஏரி ஏன் ஏறவேண்டும்?

ஆறிய தேநீரை ஒரே மடக்கில் விழுங்கி
ஓடு என்றாள் மறுபடியும்,
இன்னொரு கையால்
தானியாரின் எண்ணை அழுத்திக்கொண்டே.